குளிப்பாட்டிய பாட்டில்

சிடுசிடு என்று அவளுக்கு யார் பெயர் வைத்தார்கள் என்பது அந்த ஆய்வகத்தில் யாருக்கும் நினைவில்லை. நேரில் எல்லோருக்கும் அவள் அக்கா, முதுகைத் திருப்பியதும் சிடுசிடு. அது அவளுக்கும் தெரியும். "வச்சா வச்சுக்கட்டும். கழுவாத குடுவைய அலமாரியில கவுத்து வைக்கிற ஜென்மங்களப் பார்த்து நான் பல்ல இளிக்கணுமா?" என்பாள். கேள்வி நியாயமானதுதான். அங்கே ஒரு வாரம் இருந்து பாருங்கள், உங்கள் முகமும் அப்படித்தான் ஆகும். கழுவுதொட்டியில் அமிலக் குடுவையும் டீ குடித்த கோப்பையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். வியர்வையில் ஊறிய கையுறையை உரித்து, அடுத்தவர் எழுதும் மேசை மேலேயே போட்டுவிட்டுப் போவார்கள். பெயர் ஒட்டாத பாட்டில்கள் ஜன்னலோரம் நிற்கும். எதில் என்ன இருக்கிறதென்று கேட்டால் ஒருவன் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பான். கருமம், இவன்தான் நாளைக்கு அணு உலைக் கழிவைக் கையாளப் போகிறவன்!

அங்கே என்ன வேலை நடக்கிறதென்று சொல்லிவிடுகிறேன். அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளைக் குப்பை என்று தூக்கிப் போட்டுவிட முடியாது. மறுபடி பயன்படும் உலோகம் அதற்குள் நிறைய மிச்சமிருக்கும். அதை அமிலத்தில் கரைத்து, மேலே எண்ணெய் மாதிரி ஒரு திரவத்தை ஊற்றிக் குலுக்கினால், வேண்டிய உலோகம் எண்ணெய்க்கு ஏறிவிடும், வேண்டாதது அமிலத்திலேயே தங்கிவிடும். குலுக்கி வைத்த பாட்டிலில் இரண்டு அடுக்கு தெரிய வேண்டும். மேலே எண்ணெய், கீழே அமிலம், அவ்வளவுதான். நடுவில் மூன்றாவதாக ஓர் அடுக்கு சளி மாதிரி வந்து உட்கார்ந்தால் போச்சு. உலோகமெல்லாம் அதற்குள் போய்க் குவிந்துகொள்ளும். ஆலையில் அது குழாயை அடைக்கும். உலை உலோகம் ஒரே இடத்தில் அளவுக்கு மீறிச் சேர்ந்தாலோ, திடீரென்று கதிர்வீச்சைக் கக்கி, பக்கத்தில் நிற்கிற ஆளையே கொன்றுவிடும். மாணவர்கள் கையில் நிஜமான உலை எரிபொருளைக் கொடுப்பதில்லை. ஆபத்தில்லாத வேறு உலோகத்தை வைத்துத்தான் பழகுகிறார்கள். அந்தத் தைரியத்தில்தான் அவ்வளவு அலட்சியமும் நடந்தது.

அவர்களுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடுக்கு மாணவர்கள் வைத்த பெயர் வெந்நீர். அவர் சொந்தமாக ஓர் எண்ணெயைக் கண்டுபிடித்து, அதை வைத்தே பேரும் பதவியும் வாங்கியவர். அந்த எண்ணெய் சூடாக இருக்கும்வரை சமர்த்தாக இரண்டு அடுக்கு காட்டும். ஆறிவிட்டால் நடுவில் சளி கட்டும். அதனால் யாராவது பார்வையிட வருகிறார்கள் என்றால் பாட்டில்களை முன்கூட்டியே வெந்நீர்த் தொட்டியில் இறக்கிவிடுவார். மாணவர்களுக்கு அது குளிப்பாட்டுவது. "பாட்டில குளிப்பாட்டியாச்சா? நல்லாத் துவட்டிட்டுக் கொண்டு வா, ஈரம் தெரியக்கூடாது" என்று அவரே சொல்லும் அளவுக்கு அந்த வார்த்தை புழங்கிவிட்டது. வந்தவர்கள் பாட்டிலைப் பார்த்து, ஆகா ஓகோ என்று தலையாட்டி, பிஸ்கட்டைத் தின்று, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அவர்கள் வண்டி வாசலைத் தாண்டுவதற்குள் பாட்டிலுக்குள் சளி கட்ட ஆரம்பித்திருக்கும்.

சிடுசிடு சேர்ந்த புதிதில் அவளும் குளிப்பாட்டினாள். பிறகு அதைத் தொடும்போதெல்லாம் அவளுக்குக் குமட்டியது. எண்ணெயோடு இன்னொரு திரவத்தைக் கொஞ்சம் கலந்தால், ஆறினாலும் சளி கட்டாது என்று அவளுக்கு ஒரு யோசனை இருந்தது. மற்றவர்கள் சாப்பிடப் போகிற நேரத்தில் சின்னக் குழாய்களில் செய்து பார்த்து, பாதி வழி வந்தும்விட்டாள். ஒழுங்காகச் செய்ய நாளும் பொருளும் வேண்டும். கைடிடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"சரி பண்ணணும்னா முதல்ல தப்பு இருக்குன்னு ஒத்துக்கணுமே. உனக்கென்ன பைத்தியமா?" என்று சொல்லி, வெளியே யாருக்காவது கேட்டிருக்குமோ என்று கதவைப் பார்த்தார்.

வீட்டுக் கதை வேறு. அண்ணனும் அண்ணியும் இருந்த இரண்டு அறை வீட்டின் கூடத்தில், சோபாவில் அவளுக்குப் படுக்கை. புத்தகமெல்லாம் சோபாவுக்கு அடியில். அண்ணனுக்கு டயர் கடை. நல்ல மனுஷன், ஆனால் களைத்துப் போயிருந்தான். "இன்னும் எத்தனை நாளைக்கும்மா எண்ணெயும் தண்ணியும் குலுக்கிட்டே இருப்ப? கடையில நம்பிக்கையா ஒரு ஆள் இல்லாம நான் லோல்படுறேன்" என்பான். "அவளப் படிக்க விடுங்க" என்று அண்ணி அடக்குவாள். அந்த வருஷம் அண்ணியும் அடக்கவில்லை.

எரிபொருள் மறுசுழற்சியில் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு ஒரு கம்பெனி வருஷாவருஷம் உதவித்தொகை கொடுக்கும். ஓர் ஆய்வகத்துக்கு ஒரே இடம். வயது வரம்புப்படி சிடுசிடுவுக்கு அதுதான் கடைசி வருஷம். கிடைத்தால் தன் யோசனையையே ஆராய்ச்சியாக எடுத்துச் செய்து முடிக்கலாம். கிடைக்காவிட்டால் டயர் கடைக் கல்லாவில் போய் உட்கார வேண்டியதுதான். அண்ணனிடம் அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தாள்.

போட்டிக்கு நின்றவன் மாப்பிள்ளை. கைடு அவனைப் புது மாப்பிள்ளை மாதிரித் தாங்கியதால் அந்தப் பெயர். நேர்காணலுக்குப் பாட்டிலைக் கொண்டுபோய்க் குலுக்கிக் காட்ட வேண்டும் என்பது வழக்கம். மாப்பிள்ளையின் பாட்டிலில் கைடின் எண்ணெயே கிடையாது. சாயத் தண்ணீருக்கு மேல் மண்ணெண்ணெய். அது சுட்டாலும் ஆறினாலும் இரண்டே அடுக்குதான். கைடு அதைப் பார்த்துவிட்டு, "பயலுக்குச் சமயோசிதம் ஜாஸ்தி" என்று முதுகில் தட்டினார். தூ!

நேர்காணல் நடந்த கட்டிடத்தில் ஏசியைப் போட்டுக் கொன்றார்கள். குழுவினர் வரவில்லை, வரவில்லை, வரவேயில்லை. சிடுசிடுவின் பாட்டில் வெந்நீர் ஃபிளாஸ்க்கில் இருந்தது. ஃபிளாஸ்க் வெந்நீரும் வெதுவெதுப்பாகி, அதுவும் போய்க்கொண்டிருந்தது. பாட்டிலை எடுத்துத் துப்பட்டாவில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"அக்கா, அந்த டீ மெஷின்ல வெந்நீர் வருது. பிடிச்சுட்டு வரட்டுமா?" என்றான் மாப்பிள்ளை. அவனுக்கென்ன, அவன் பாட்டிலுக்குக் குளியல் தேவையில்லை. நிஜமான அக்கறையோடுதான் கேட்டான், அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

எதிரே இருந்த கண்ணாடிக் கதவில் அவளுக்குத் தன் உருவம் தெரிந்தது. படித்த படிப்பென்ன, போட்ட உழைப்பென்ன, கடைசியில் ஒரு பொய்யை அக்குளில் வைத்து அடைகாக்கிறாள். பாட்டிலை வெளியே எடுத்து, பக்கத்து நாற்காலியில் ஏசிக் காற்றுக்கு நேராக வைத்தாள். "வேணாம், ஆறட்டும்" என்றாள்.

உள்ளே மூன்று பேர். கம்பெனிக்காரர், பல்கலைக்கழக அதிகாரி, உலைத் துறையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர். பிஸ்கட் துணுக்கு மேசையெல்லாம் சிந்திக் கிடந்தது. அவள் பாட்டிலைக் குலுக்கி மேசையில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் மேலே எண்ணெய் தெளிந்தது, கீழே அமிலம் தெளிந்தது, நடுவில் சளி மஞ்சளாக வந்து உட்கார்ந்தது.

"அடடா, மூணு கலர்! போன வருஷம் ரெண்டுதானே இருந்துச்சு? நல்ல முன்னேற்றம்" என்றார் கம்பெனிக்காரர். அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார். ஓய்வு பெற்றவர் மட்டும் பாட்டிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவருக்கு விஷயம் தெரியும் என்பது அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது. தெரிந்தும் அவர் வாயைத் திறக்கவில்லை.

"சார்..." என்றாள். தொண்டையை அடைத்தது. "இது முன்னேற்றம் இல்ல சார். இது வரவே கூடாது. எங்க எண்ணெயில குறை இருக்கு. வெந்நீர்ல வச்சு மறைச்சுத்தான் எல்லாருக்கும் காட்டுறோம். நாளைக்கு ஆலையில இது வந்தா ஆள் செத்துப் போவான் சார். இதச் சரி பண்ண எனக்கு வழி தெரியும். அதுக்குத்தான் நான் இந்த ஃபெலோஷிப்பக் கேக்குறேன்." கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. டயர் கடைக் கல்லா கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

பிறகு ஓய்வு பெற்றவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எனக்குப் பார்த்ததுமே தெரியும்மா. நீ சொல்றியா இல்லையான்னு சோதிச்சேன்" என்றார். அடப்பாவி மனுஷா! அவள் சொல்லாமல் இருந்திருந்தால் அடுத்த பிஸ்கட்டைத்தான் எடுத்திருப்பார். கம்பெனிக்காரருக்கோ புல்லரித்துப் போயிற்று. "நேர்மைதான் எங்க கம்பெனியோட முதல் கொள்கை. ஒண்ணு பண்ணுங்கம்மா, இப்ப சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க, போன்ல எடுத்துக்கறேன்" என்று எழுந்து வந்து, வெளிச்சம் சரியில்லை என்று அவளை ஜன்னல் பக்கம் நகர்த்தி நிற்க வைத்தார்.

அவள் இன்னொரு தடவையும் சொன்னாள். சளியைச் சரிசெய்யும் வழி கைக்கு எட்டிவிடும் என்றால் பத்துத் தடவை சொல்லவும் தயாராகத்தான் இருந்தாள். அந்த வழி என்ன, எந்தத் திரவம், எவ்வளவு கலக்க வேண்டும் என்று மூவரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தவளிடம், "நீங்க போகலாம்" என்றார் அதிகாரி.

உதவித்தொகை அவளுக்குத்தான் கிடைத்தது. அண்ணன் கடையைப் பாதி நாள் மூடிவிட்டு, எங்கேயோ தேடி ஒரு பழைய எழுதுமேசையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். கூடத்தில் அதற்கு இடம் விட, சாப்பாட்டு மேசையைச் சுவரோடு சுவராகத் தள்ளினாள் அண்ணி. "என் தங்கச்சி உண்மையச் சொல்லி ஜெயிச்சவ" என்று டயர் மாற்ற வந்தவர்களிடமெல்லாம் அண்ணன் பீற்றிக்கொண்டான்.

கைடு தன்னைப் பச்சையாகத் தின்றுவிடப் போகிறார் என்று பயந்துகொண்டேதான் அவள், முடிவு வந்த மறுநாள் அவர் அறைக்குப் போனாள். அவரோ எழுந்து நின்று வரவேற்றார்.

"வாம்மா வா! கம்பெனிக்காரர் போன்ல எடுத்ததப் பார்த்தேன். இத்தனை வருஷமா அந்தக் கண்றாவி பாட்டிலக் குளிப்பாட்டிக்கிட்டே கிடந்தேனே, நான் ஒரு மடையன். ஆற வச்சு, குறையச் சொல்லி, கண்ணக் கசக்கிட்டா போதும்னு எனக்குத் தோணலையே!"

"சார், நான் கண்ணக் கசக்கல" என்றாள்.

"சரி, சரி. அடுத்த வருஷம் மாப்பிள்ளை போறான். அவனோட ரெண்டு பேர் வெளியூர் உதவித்தொகைக்கும் போறாங்க. நீ எப்படி நின்ன, எப்படிச் சொன்னன்னு மூணு பேருக்கும் சொல்லிக் குடுத்துடு."

"என்னோட ஆராய்ச்சித் தலைப்பு சார்? சளியச் சரி பண்றது..."

"பழைய தலைப்புதான். என்னம்மா நீ, விவரம் தெரியாத பொண்ணா இருக்க? சரி பண்ணிட்டா அடுத்த வருஷம் அவன் என்னத்தச் சொல்லி அழுவான்?" என்று சிரித்தார். சிரிப்பில் நேற்றுச் சாப்பிட்டது பல்லிடுக்கில் தெரிந்தது. "ஆறு மாசத்துக்கு ஒரு தடவ ஃபெலோஷிப்பத் தொடர என் கையெழுத்து வேணும். ஞாபகம் இருக்கட்டும்" என்று மட்டும் அன்பாகச் சேர்த்துக்கொண்டார்.

அவர் முகத்தில் காறித் துப்பிவிட்டு வந்திருக்க வேண்டும். அவளும் அதைத்தான் நினைத்தாள். கதவுவரை வந்தாள், எச்சிலைக் கூட்டினாள், கூடத்தில் கிடந்த எழுதுமேசை நினைவுக்கு வந்தது. எச்சிலை விழுங்கினாள்.

அந்த வாரமே மூன்று பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்தார்கள். ஜன்னலோரம் ஆற வைத்த பாட்டில் மேசை மேல் இருந்தது. வேண்டாவெறுப்பாக எழுந்து நின்றாள். கடகடவென்று ஒப்பித்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். "சார்..." என்றதும் தொண்டை அடைத்தது. அன்றைக்கு அடைத்த அதே இடம். யாரும் கேட்காமலே கண்ணில் தண்ணீர் வந்தது. அவளுக்கே உடம்பு கூசிற்று. மூவரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.

மூவரில் புதிதாகச் சேர்ந்த பெண் பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அக்கா, அன்னைக்கு அழுகை தானா வந்துச்சா, நீங்களா வரவழைச்சீங்களா?"

தானாகத்தான் வந்தது என்று சொல்லப் போனாள். இப்போது வந்தது எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தப் பெண் பதிலுக்குக் காத்திருந்தாள். மாப்பிள்ளையும் நிமிர்ந்து பார்த்தான்.

"கண்ணத் துடைக்காத" என்றாள் சிடுசிடு. "துடைச்சா நடிக்கிறன்னு கண்டுபிடிச்சிடுவாங்க."