விபிஎஸ் மேஜையில ஒரு காக்காக் கூடு

துருப்பிடிச்ச கம்பிய வெயில்ல கொஞ்ச நேரம் கையில வச்சிருந்தா உள்ளங்கையில ஒரு வாசனை ஒட்டிக்கும், பழைய சில்லறைக் காசு மாதிரி, லேசா ரத்தம் மாதிரி, சோப்பு போட்டாலும் லேசுல போகாது. கடவுள்னு சொன்னா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது அந்த வாசனைதான். சிரிக்காதீங்க. மத்தவங்களுக்கு மலை, அருவி, சூரிய உதயம்னு டீசன்ட்டா ஏதாவது வரும், எனக்கு வாய்ச்சது உப்பல் கம்பி, என்ன பண்றது.

தெக்கத்தி நாசரேத் பக்கத்துல இருந்து அப்பா ஃபிட்டர் வேலைக்கு வந்து, செகந்திராபாத் பக்கம் உப்பல்ல பட்டறைங்களுக்குப் பின்னாடி தெருவுல ரெண்டாவது மாடி வீட்டுல நாங்க குடியிருந்தோம். அந்த ஏரியாவுல சுள்ளி கிடைக்கிறது கஷ்டம், கம்பி எங்க பாத்தாலும் கிடக்கும், அதனால எங்க ஊரு காக்கா கட்டுக்கம்பி, அலுமினியச் சுருள், வெல்டிங் ராடு துண்டுன்னு பொறுக்கி ஸ்க்ராப் கடை மாதிரி கூடு கட்டும். மொட்டை மாடிய ஒட்டி நின்ன பாதாம் மரத்துல அப்படி ஒண்ணு இருந்துச்சு, வெயில் பட்டா மின்னும், செமையா இருக்கும்.

எனக்கு அப்போ ஒம்பது வயசு. மே மாச லீவுல செகந்திராபாத்ல எங்க தமிழ் சர்ச்ல பத்து நாள் பிள்ளைங்களுக்கு ஆட்டம், பாட்டு, ஆரஞ்சு ஜூஸ், வசனம்னு வகுப்பு நடக்கும், எல்லாரும் "விபிஎஸ்"னுதான் சொல்லுவோம். எங்க கிளாஸ் எடுத்த ஷீலா அக்கா நர்சிங் படிச்சிட்டிருந்தாங்க. பாக்குற எதுலயும் படைச்சவரோட கை தெரியும், அதைப் பாத்தாலே இதை யார் செஞ்சதுன்னு கேக்கத் தோணணும், அப்படி ஒண்ணு ஆளுக்கு ஒண்ணா கொண்டு வாங்கன்னு அக்கா சொன்னாங்க. வெள்ளைத் துணி விரிச்ச மேஜையில எல்லாத்தையும் வைப்பாங்களாம், எது பெஸ்ட்டோ அதைக் கொண்டு வந்த பிள்ளை ஞாயித்துக்கிழமை சபை முன்னாடி "சாட்சி" சொல்லணும், அதாவது ஆண்டவர் தனக்கு என்ன செஞ்சாருன்னு மைக் பிடிச்சு சொல்லணும். எனக்கு கடவுளை விட அந்த மைக் மேலதான் ஆசைங்கிறதை இப்ப ஒத்துக்கிறேன்.

அம்மா மத்தியானம் தூங்குற நேரமாப் பாத்து ஒட்டடைக் கம்போட மாடிக்குப் போனேன். கூட்டுல ஒண்ணும் இருக்காதுன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன், எட்டிப் பாக்கணும்னு கூட தோணல. கம்பை விட்டு ஆட்டினப்போ கூடு சாஞ்சுச்சு, அது விழுறதுக்கு முன்னாடி ரெண்டு முட்டை சிமெண்ட் தரையில விழுந்து உடைஞ்சுச்சு, அது மேலயே கூடும் விழுந்துச்சு. நீலமா பச்சையான்னு சொல்ல முடியாத கலர், மேல பொடிப்பொடியா புள்ளி. ஒரு மக்கு தண்ணி ஊத்திக் கழுவி விட்டேன். தண்ணித் தொட்டி மேல அந்தக் காக்கா உக்காந்து பாத்துட்டிருந்துச்சு. கத்தக்கூட இல்ல.

மறுநாள் மேஜையில மயில் இறகு, சங்கு, தேன் அடை, மாதுளம்பழம்னு வரிசையா இருந்துச்சு, நடுவுல என் கூடு. கெவின்னு ஒருத்தன், பயங்கர சீன் பார்ட்டி, கம்பி மனுஷன் செஞ்சது, இது செல்லாதுன்னு சண்டைக்கு வந்தான். ஷீலா அக்கா கூட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "கம்பி நம்மளோடதுதான், இந்தப் பின்னலை காக்காவுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"ன்னு கேட்டாங்க. நான் ஜெயிச்சுட்டேன்.

ஞாயித்துக்கிழமை மைக் கையில வந்ததும் எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல. நான் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணேன், கண்ணைத் திறந்தா ஆண்டவர் இந்தக் கூட்டை என் காலடியில போட்டிருந்தாருன்னு விட்டேன் பாருங்க ஒரு கதை. சபை மொத்தமும் "ஸ்தோத்திரம்"னு சொல்லுச்சு, அம்மா கண்ணைத் துடைச்சாங்க, எனக்கு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு.

திங்கக்கிழமை மாடியில துணி எடுக்கப் போனேன், தலையில ணங்குன்னு அந்தக் காக்கா ஒரு கொத்து. அப்புறம் தினமும். அஞ்சாறு பிள்ளைங்க விளையாடிட்டு இருந்தாலும் கரெக்டா என் மண்டைக்குத்தான் வரும், அதனால கீழ் வீட்டுப் பசங்க உன்கூட "நக்கோ", வேணாம்னு கழட்டி விட்டாங்க. வேற வழியில்லாம அம்மாவோட துப்பட்டாவை தலையில சுத்திட்டு மாடிக்குப் போக ஆரம்பிச்சேன். எங்க வீட்டுல ஜெபம்னா பொம்பளைங்க முக்காடு போடணும், அம்மா என்னை அந்தக் கோலத்துல பாத்துட்டு பூரிச்சுப் போயிட்டாங்க. "ஏட்டி, தனியா போயி ஜெபம் பண்ணுதியாட்டி?"ன்னு கேட்டாங்க. நான் ஆமான்னு தலையாட்டினேன். அன்னைக்கே நாசரேத்துக்கு போன் போட்டு சித்திகிட்ட பெருமை பேசியாச்சு. ஒரு பொய்ய மூட இன்னொரு பொய், அதுக்கு மேல ஒரு துப்பட்டா.

எத்தனை பேரை ஏமாத்தினாலும் அந்தக் காக்காவை ஏமாத்த முடியல. சர்ச்ல எல்லாம் பாக்குறவர், எல்லாம் தெரிஞ்சவர்னு ஜாலியா பாடிட்டு வருவேன், பாக்குறதுன்னா என்னன்னு அந்த மாடியிலதான் புரிஞ்சுச்சு.

ஒரு சாயங்காலம் காக்கா பாய்ஞ்சதை அப்பா பாத்துட்டார். "அது உன்னை மட்டும் ஏன்ட்டி தேடி வருது?"ன்னார். அழுதுட்டே எல்லாத்தையும் கொட்டிட்டேன். அடிப்பார்னு நினைச்சேன். எத்தனை முட்டைன்னு மட்டும் கேட்டார். ரெண்டுன்னு சொன்னேன். அப்புறம் கூடு எங்கன்னார்.

சர்ச்ல இருந்து திரும்புறப்போ பஸ் நெரிசல்ல நசுங்கி பைக்குள்ள கோணலாக் கிடந்த கூட்டை அப்பா மடியில வச்சு, கட்டிங் பிளையரும் கையுமா சரி பண்ண உக்காந்தார். எவ்வளவு பெரிய மெஷினையும் கழட்டி மாட்டுற மனுஷன். ஒரு கம்பிய உள்ள தள்ளினா இன்னொண்ணு வெளிய வருது, ஒரு பக்கம் வளைச்சா மறு பக்கம் பிரியுது. ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி, விரல்ல ரெண்டு இடத்துல கிழிச்சுக்கிட்டதுதான் மிச்சம். பிளையரைக் கீழ வச்சுட்டு சிரிச்சார். "டிராயிங் போட்டுக் குடுத்தாலும் நம்மால ஆவாதுட்டி. அது வாயாலயே பண்ணிருக்கு."

ரெண்டு பேருமா கம்பிங்களை ஒவ்வொண்ணாப் பிரிச்சு கைப்பிடிச் சுவர் மேல வரிசையா வச்சோம். மறுநாள் காலையில பாதி காணோம். ரெண்டு நாள்ல மொத்தமும் காலி, எதிர்ப்பக்கத்து விளக்குக் கம்பத்து உச்சியில புதுசா மின்ன ஆரம்பிச்சுச்சு. என்னை மன்னிச்சுடுச்சுன்னு நினைக்காதீங்க, மழை வர்ற வரைக்கும் கொத்து வாங்கினேன்.

அடுத்த ஞாயிறு டிபன் பாக்ஸைக் கையில குடுத்து, நீயே சொல்லிட்டு வான்னு அப்பா என்னை ஷீலா அக்காகிட்ட அனுப்பினார். முழுசா சொன்னேன். அக்கா மெதுவா, "கூட்டுக் கம்பியில முட்டை மஞ்சள் காஞ்சு ஒட்டியிருந்ததை நானும் பாத்தேன். எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க, அதான் கேக்கல"ன்னாங்க. டிபன் பாக்ஸை வாங்கி பைக்குள்ள வச்சுக்கிட்டாங்க. அடுத்த வருஷம் விபிஎஸ்ல மேஜையே கிடையாது. சர்ச்சுக்குப் பின்னாடி இருந்த புளியமரத்தடிக்கு எங்களைக் கூட்டிட்டுப் போயி, எதையும் தொடாம அரை மணி நேரம் பாருங்கன்னு நிக்க வச்சாங்க. மொக்கைன்னு கெவின் முனகினான். நான் மூச்சு விடாம பாத்துட்டு நின்னேன்.

இயற்கை எல்லாம் கடவுளைக் காட்டுற போர்டுன்னு இப்பவும் நான் நம்புறேன். ஆனா ரோட்டு ஓரத்துல நிக்கிற போர்டைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டு வந்து துணி மேல வச்சா அது எந்த ஊருக்கும் வழி காட்டாது. எனக்கு அந்தப் பின்னல் கூட அவ்வளவு காட்டல. போன ரெண்டு முட்டைக்காக ஒரு பறவை மழை வர்ற வரைக்கும் விடாம வந்துச்சே, அந்தக் கோபம்தான் காட்டுச்சு. அவ்வளவு துளியூண்டு உசுரைக் கூட யாரோ கணக்குல வச்சிருக்காங்கன்னு அதுக்கப்புறம் எனக்கு சந்தேகமே வந்ததில்ல. ஆபீஸ்ல சாப்பிடுறப்போ கடவுளுக்கு ப்ரூஃப் என்னன்னு பசங்க வம்பிழுத்தா நான் வாயைத் திறக்கிறதில்ல, இந்தக் கதைய டப்பா திறந்துட்டே சொல்ல முடியாது.

போன மாசம் அந்தத் தெருவுக்குப் போனேன். பட்டறைங்க எல்லாம் ஊருக்கு வெளிய போயாச்சு, பாதாம் மரம் நின்ன இடத்துல அபார்ட்மெண்டு கேட்டு, விளக்குக் கம்பமும் புதுசு, வழவழன்னு, ஒரு கம்பி கூட தங்காது. அரை மணி நேரம் நின்னேன், ஒரு காக்கா கண்ணுல படல. திரும்பி நடக்குறப்போ எங்கேயோ தூரத்துல ஒரே ஒரு குரல் கேட்டுச்சு. யோசிக்கிறதுக்குள்ள என் கை துப்பட்டாவை இழுத்து தலைய மூடிருச்சு, ஜெபத்துக்கு அம்மா முக்காடு போடுற மாதிரியே.