காருக்கு நல்லதண்ணீர்

துறைமுகச் சாலையோர ஷெட்டில் விலைக்கு நின்ற அந்தத் துருப்பிடித்த அம்பாசடரின் கதவை இழுத்தேன். பழைய ரெக்சின் வாசனை முகத்தில் அடித்தது. அப்பாவின் காரிலும் இதே வாசனைதான்.

அப்பா துறைமுகத்துக்கு வாடகைக் கார் ஓட்டினார். சாயங்காலம் வீடு திரும்பியதும், காரில் படிந்த உப்புக்காற்றைக் கழுவிவிடுவார். சோப்பு நுரைக்காத கிணற்றுத் தண்ணீரில்தான் நாங்கள் குளித்தோம். காருக்கு மட்டும், அம்மா தெருக்குழாயில் காத்துநின்று பிடித்த நல்லதண்ணீர்.

"குடிக்கிற தண்ணிய கார் தலையில ஊத்துதியளே! இதென்ன உங்க மூத்த பிள்ளையா?" என்று அம்மா கத்துவாள்.

"உப்புத்தண்ணி பட்டா துருப்புடிச்சிரும்லா" என்பார் அப்பா, துடைப்பதை நிறுத்தாமல்.

கூட வந்த மெக்கானிக் காருக்கு அடியிலிருந்து எழுந்தார். "அடித்தகடு பூரா போயிட்டு அண்ணாச்சி. விட்டுருங்க."

அவர் சொன்னது சரிதான். கிளம்பலாம் என்று சொல்ல, என்னோடு வந்திருந்த அம்மாவைத் தேடினேன். அவள் தன் தண்ணீர் பாட்டிலை பானெட்டில் கவிழ்த்து, முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உப்பு ஏறிப்போய்க் கெடக்கு, பாவம்" என்றாள். "ஏலே, உன் பாட்டில்ல தண்ணி இருக்கா?"