தாடையில் வந்த வலி

என் கணவர் பேண்ட் செட்டில் டிரம்பெட் வாசித்தவர். கல்யாண ஊர்வலம், கோயில் திருவிழா, எங்கள் மாதா கோயில் தேர் என்று காஞ்சிபுரத்தைச் சுற்றி அவர் போகாத ஊர் கிடையாது. சிவப்புச் சட்டையும் தொப்பியுமாக அவர் ஊதத் தொடங்கினால் பெண் வீட்டுக்காரர்கள் சமையல்கட்டை விட்டு வெளியே வந்து நிற்பார்கள். நான் பட்டுக்கடையில் புடவை பிரித்துக் காட்டும் வேலையில் இருக்கிறேன். பிள்ளைகள் வெளியூரில். ஓரிக்கை வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்.

அவருக்குச் சர்க்கரை வந்து பல வருடங்கள் ஆகின்றன. மாத்திரையை ஒழுங்காகப் போடுவார். கல்யாண வீட்டுச் சாப்பாட்டையும் ஒழுங்காகச் சாப்பிடுவார். ஒருநாள் பிரஷ்ஷில் ரத்தம் வந்தது. மறுநாளும் வந்தது. அவர் பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிட்டு விரலால் பல்பொடி தேய்க்க ஆரம்பித்தார்.

"தேச்சாதானம்மா ரத்தம் வருது? தேய்க்கல, வரல. அவ்ளோதான்."

ஆனால் ஈறு வீங்கிக்கொண்டே போயிற்று. வாயில் நாற்றம் வந்தது. யாரோடு பேசினாலும் கையால் வாயை மறைத்துக்கொள்ளப் பழகிவிட்டார். டிரம்பெட்டை உதட்டில் வைத்து அழுத்தினால் அந்த அழுத்தம் முன்பல்லில்தான் போய் விழும். அந்தப் பல் ஆடுகிறது என்று தெரிந்த பிறகுதான் பயந்துபோய் என்னோடு டாக்டரிடம் வரச் சம்மதித்தார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் இருந்தது அந்தப் பல் ஆஸ்பத்திரி. டாக்டர் சின்ன வயதுப் பெண். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"ஈறுக்குள்ள சீழ் இருக்குதுங்க ஐயா. பல்லைப் பிடிச்சிருக்கிற எலும்பு கரைஞ்சுக்கினு வருது. சுகர் ஏறினா ஈறு கெடும். ஈறு கெட்டா சுகர் இறங்காது. ரெண்டும் ஒண்ண ஒண்ணு இழுத்துக்கினு போவும். ஈறு இந்த அளவுக்குக் கெட்டவங்களுக்கு ஹார்ட் பிரச்சனையும் அதிகமா வருது. எதுக்கும் ஒருதடவை ஹார்ட்டையும் பாத்துக்குங்க."

இத்தனை சொன்னதில் அவர் காதில் விழுந்தது பல் மட்டும்தான்.

"பல்லு விழுந்துடுமா மேடம்?"

"இப்பவே ஈறுக்கு அடியில சுத்தம் பண்ணா நெறைய பல்லைக் காப்பாத்தலாம்."

"பண்ணா எத்தினி நாளு ஊதக் கூடாது?"

"கொஞ்ச நாள் வாய்க்கு ரெஸ்ட் குடுக்கணும்."

அது தை மாதம். முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம். "சீசன் முடியட்டும், வர்றேன்" என்று எழுந்துவிட்டார். இதயத்தைப் பரிசோதிக்கிற பேச்சே எழவில்லை.

முசரவாக்கத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு ஊதிவிட்டு வீட்டுக்கு வந்தவர் இடது தாடையைப் பிடித்தபடியே சாப்பிட உட்கார்ந்தார். "அந்தம்மா சொன்னது சரியாப் போச்சு. பல்லு வேலையக் காட்டுது" என்றார். கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்துக் கொடுத்தேன். வலி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தார். காலையில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்தவர் பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டு மறுபடியும் தாடையைப் பிடித்தார். உட்கார்ந்ததும் வலி போய்விட்டது என்றார். பல்வலி அப்படி நின்று நின்று வருமா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. மதியம் சும்மா படுத்திருந்தவருக்கு வேர்த்துக் கொட்டி, தலையணை நனைந்திருந்தது. ஆட்டோ பிடித்து அந்த மாடிக்கே அழைத்துப் போனேன்.

படியில் இரண்டு இடத்தில் நின்றார். முகம் சாம்பல் பூத்ததுபோல் இருந்தது.

"எந்தப் பல்லு வலிக்குது ஐயா? காட்டுங்க."

அவருக்குக் காட்டத் தெரியவில்லை. உள்ளங்கையை விரித்துத் தாடையிலிருந்து கழுத்து வரை தடவினார். டாக்டர் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். எதைத் தட்டினாலும் அது இல்லை என்று இவர் தலையை ஆட்டினார்.

"நடந்தா அதிகமாவுதா?"

"ஆமா மேடம். படி ஏறக்கொள்ள ரொம்ப."

"கை?"

"இந்தக் கைதான் மரத்தாப்ல இருக்குது."

"நெஞ்சு வலிக்குதா?"

"நெஞ்சுல ஒண்ணியும் இல்ல மேடம். பல்லுதான்."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். என் பக்கம் திரும்பி, "அம்மா, இது பல்லு இல்ல. ஹார்ட்டா இருக்கும்னு பயமா இருக்குது. சுகர் இருக்கிறவங்களுக்குச் சில சமயம் நெஞ்சு வலிக்காமலே வந்துடும்" என்றார். ஒரு மாத்திரையைக் கொடுத்து மென்று விழுங்கச் சொன்னார். அவரே ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். என் கணவர் அந்தச் சாய்வு நாற்காலியில் படுத்தபடி, "பல்லப் புடுங்கிட்டா சரியாயிடும் மேடம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எந்தப் பல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று வந்தாரோ அதைப் பிடுங்கச் சொல்கிறாரே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஈ.சி.ஜி. எடுத்ததும் மாரடைப்பு என்று சொல்லிச் சென்னைக்கு அனுப்பினார்கள். ரத்தக்குழாய் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் இதய டாக்டர் என்னிடம், "முதல் வலி வந்தப்பவே கொண்டுவந்திருந்தீங்கன்னா..." என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார். இதயத்தசையில் ஒரு பகுதி செத்துப்போய்விட்டது என்று பிறகு தெரிந்தது. அந்தப் பாதி வாக்கியத்தை நான் கடையில் புடவை மடிக்கும்போதுகூட முடித்து முடித்துப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு வேறொரு பயம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஏற்கெனவே புண்ணாயிருந்த ஈறு அதனால் இன்னும் கசிந்தது. காலையில் எழுந்தால் கடைவாயில் ரத்தம் காய்ந்திருக்கும். ஒருநாள் மாத்திரையை எடுத்து நீட்டியபோது கையைத் தட்டிவிட்டார்.

"வேணாம்மா. இருக்குற ரத்தமெல்லாம் வாய் வழியாவே பூடும்போல இருக்குது."

"நிறுத்துனா ஸ்டென்ட் அடச்சிக்கும்னு சொல்லி அனுப்சாங்கல்ல?"

"அவங்களுக்கு இன்னா? ரத்தம் துப்புறவன் நானு."

எனக்கு யாரைக் கேட்பதென்று தெரியவில்லை. பல் டாக்டருக்கே போன் செய்தேன். "அந்த மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்தாதீங்கம்மா. ரத்தம் வர்றதுக்கு ஈறுதான் காரணம். ஈறைச் சரி பண்ணுவோம்" என்றார். இதய டாக்டரோடு அவரே பேசினார். சில மாதங்கள் பொறுத்திருந்து, மாத்திரையை நிறுத்தாமலே, வாயின் ஒவ்வொரு பக்கமாக மரக்க ஊசி போட்டுச் சுத்தம் செய்தார். ஈறுக்கு அடியில் சுரண்டும் சத்தம் வெளியே உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. பல்லில் கல்லாகப் படிந்திருந்த காரையைப் பஞ்சில் வைத்துக் காட்டினார். ஆடிய முன்பற்களைப் பின்பக்கம் மெல்லிய கம்பியால் சேர்த்துக் கட்டினார்.

கடைசித் தடவை முடிந்து எழுந்ததும் அவர் கேட்டார்.

"இத முன்னாடியே செஞ்சிருந்தா அட்டாக் வந்திருக்காதா மேடம்?"

டாக்டர் ஸ்டூலை இழுத்து அவர் எதிரே உட்கார்ந்தார்.

"அப்டி உறுதியாச் சொல்ல முடியாதுங்க ஐயா. ஈறுனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. சுகர் இருக்குது, சாப்பாடு இருக்குது. ஈறு ஆறினா சுகர் கொஞ்சம் இறங்கும். சுகர் இறங்குறது ஹார்ட்டுக்கு நல்லது. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்போம். இரண்டும் இல்லாமல் படி இறங்கி வந்தோம்.

சர்க்கரை உண்மையிலேயே இறங்கியது. ஈறு இறுகிவிட்டது. நாற்றம் போய், வாயை மறைக்காமல் பேசினார். நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் எக்கோ எடுத்துப் பார்த்த இதய டாக்டர், இதயம் ரத்தத்தைத் தள்ளுகிற வேகம் குறைவாகவே இருக்கிறது, டிரம்பெட்டை மறந்துவிடுங்கள் என்றார். பல் நின்றது, ஊத மூச்சு இல்லை.

பேண்ட் செட்டை நடத்துகிறவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். இவரைவிட வயதில் சின்னவர்.

"ஊத வேணாம்ணா. சின்ன டிரம் எடுத்துக்க. நடந்துக்கினே ரெண்டு தட்டு தட்டுனா போதும். செட்டுல நீ இருக்கணும்."

இவர் சிரித்தபடி அவருக்குக் காபி கொடுக்கச் சொன்னார். வந்தவர் போன பிறகு இவர் என்னிடம் சொன்னார். இவருடைய அப்பா சாவு வீடுகளில் பறை அடித்தவர். கூப்பிட்ட நேரத்துக்குப் போக வேண்டும். அடித்து முடித்ததும் தெருக்கோடியில் உட்கார வைத்துச் சோறு போடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து இவரும் அதைத் தின்றிருக்கிறார்.

"அதுக்குத்தாம்மா நான் ஊதக் கத்துக்கினேன். கையால அடிக்கிறதுக்கு நான் திரும்பிப் போவ மாட்டேன்."

பறையை இன்றைக்குப் பிள்ளைகள் மேடையில் பெருமையாக அடிக்கிறார்களே என்று சொல்ல நினைத்தேன். அந்தச் சோற்றைத் தின்றவர் அவர். காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

இப்போது வாலாஜாபாத் போகிற வழியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கேட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறார். முதல் கல்யாணத்தன்றே வேறு ஒரு பேண்ட் செட் வந்ததாம். கேட்டை முழுதாகத் திறந்து வைத்துவிட்டு, ஊர்வலம் உள்ளே போய்ச் சேரும்வரை ஜெனரேட்டர் அறையில் போய் நின்றிருக்கிறார்.

"அங்க நின்னா ஒண்ணியும் கேக்காதும்மா" என்றார், சட்டையைக் கழற்றிக்கொண்டே.

ரசம் சூடாக இருந்தது. சாப்பிட உட்காரச் சொன்னேன். அடுத்த மாதம் மறுபடியும் எக்கோ எடுக்கப் போக வேண்டும்.