பெரியப்பா போட்ட பூட்டு

தாத்தாவின் கருமாதி முடிந்த மறுநாள் அப்பா என்னை அத்தையிடம் விட்டுவிட்டு எங்கள் வீடிருந்த கினிகத்தேனைக்குப் பஸ் ஏறினார். பள்ளிக்கூட விடுமுறை. “அத்தை தனியா இருக்கும், நீ தொணைக்கு இரு பாப்பா” என்றார். பிறகு குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், “அத்தை மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனப்புறம் நீ வீட்ட விட்டு எறங்கவே கூடாது. யாரு கூப்பிட்டாலும் போகக் கூடாது, சரியா?” என்றும் சொன்னார். எனக்கு ஒன்பது வயது. ஒருவருக்குத் துணையிருக்கும் அளவுக்குப் பெரியவளாகிவிட்டேன் என்று பெருமையாக இருந்தது.

கந்தப்பளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயம் ஒன்றின் கடைசி வீடு அது. பாட்டி முந்தின வருடமே போய்விட்டாள். இருவரையும் கடைசிவரை பார்த்துக்கொண்டவள், கல்யாணமே செய்துகொள்ளாமல் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அத்தைதான். கொழும்பிலிருந்த பெரியப்பாவும், புடவைக் கடையில் வேலை பார்த்த அப்பாவும் தீபாவளிக்கு வந்து போவார்கள். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம், அதில் சண்டை போட என்ன இருக்கிறது என்றுதான் எல்லோரும் இருந்தார்கள். தாத்தா படுக்கையில் கிடந்தபோது ஒரு பேச்சுக் கிளம்பியது. எந்த வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்கள் பெயருக்கே அரசாங்கம் காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், கொடுக்கப் போகிறதாம். வீட்டுக்குப் பின்னால் தாத்தா லீக்ஸும் கரட்டும் போட்டிருந்த நிலமும் அதோடு சேருமாம். அதற்குப் பிறகு அண்ணன் தம்பி இருவருக்கும் பெற்ற தகப்பன் மேல் பாசம் பொங்கிவிட்டது.

அத்தை காலையில் வேலைக்குப் போனதும் எனக்குப் பயம் தொடங்கும். பனிமூட்டம் வாசல்வரை வந்து நிற்கும். தகரக் கூரையில் எது விழுந்தாலும் யாரோ வருவதுபோல் இருக்கும். அப்பா சொன்ன அந்த ‘யாரு’ யார் என்று யோசித்து யோசித்து, சோற்றைக்கூடக் கதவருகே உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.

வந்தது பெரியப்பா. மூச்சு வாங்கப் படியேறி வந்தவர் சிரித்துக்கொண்டே, “வா பாப்பா, டவுனுக்குப் போயி ஐஸ்கிரீம் சாப்பிடுவோம்” என்றார். அந்தக் குளிரில்! ஆசையாகத்தான் இருந்தது.

“எறங்கக் கூடாதுன்னு அப்பா சொன்னாரு பெரியப்பா.”

அவர் முகம் மாறிவிட்டது. “ஒன்னயக் காவலுக்கு வச்சிட்டுப் போயிருக்கானா ஒங்கப்பன்?”

நான் உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டேன். கதவு அதிர்ந்தது. “தொற! நான் இந்த வீட்டு மூத்த மகன்!” பிறகு வெளியே இரும்பு உரசுவது கேட்டது. “அப்ப நீ உள்ளயே இரு. நான் தலைவரக் கூட்டிக்கிட்டு வாறேன்.” அவர் சொன்னது லயத்தின் தொழிற்சங்கத் தலைவரை. காலடிச் சத்தம் இறங்கிப் போனதும் தாழ்ப்பாளை நீக்கிக் கதவை இழுத்தேன். ஒரு விரல் அளவு வந்து நின்றுவிட்டது. வெளியே புதுப் பூட்டு தொங்கியது.

நான் அலறியதில் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து, மலைக்கு ஆளனுப்பினாள். அத்தை கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல், நனைந்தபடி வந்து சேர்ந்தாள். கதவிடுக்கில் விரலை நுழைத்து என் விரலைப் பிடித்துக்கொண்டே அப்பாவுக்குப் போன் எடுத்தாள். அந்தப் போனில் பேசினால் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும்.

“அண்ணே, பெரியண்ணன் புள்ளைய உள்ள வச்சிப் பூட்டிட்டுப் போயிருச்சிண்ணே.”

“பூட்ட ஒடைச்சிறாத! தலைவரு வந்து கண்ணால பாக்கட்டும். நான் இந்தா பஸ் ஏறுறேன்.”

“பாப்பா அழுவுதுண்ணே.”

“அழுவட்டும், நல்லதுதான். நாலு பேரு பாத்தாத்தான் அவன் யோக்கியத தெரியும்.”

அத்தை போனை வைத்தாள். என் விரல் விடுபட்டது. பிறகு கல்லால் அடிக்கும் சத்தம். பூட்டு உடையவில்லை, அது மாட்டியிருந்த கொண்டிதான் ஆணியோடு பிய்ந்து வந்தது. நான் அத்தையின் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டேன்.

அத்தை என் உடுப்புகளைப் பையில் திணித்தாள். பக்கத்து வீட்டு அக்கா பதறினாள்: “கதவப் பூட்டக்கூட வழியில்ல, இப்படிப் போட்டுட்டா போற? ஒங்கண்ணன் வந்தா உள்ள ஏறிக்குவாரு.”

“ஏறட்டும். இந்தப் புள்ளைய அதோட அம்மாகிட்ட விடணும்.”

நுவரெலியாவிலும் ஹட்டனிலும் பஸ் மாறினோம். இருட்டும் நேரத்தில் கினிகத்தேனைக்கு வந்தபோது, அப்பா தோட்டத்துக்குப் போய்விட்டதாக அம்மா சொன்னாள். வழியில் எங்கோ எதிர்ப்பட்ட பஸ் ஒன்றில் அவர் எங்களைக் கடந்திருக்க வேண்டும். அவர் போய்ச் சேர்ந்தபோது பெரியப்பா வீட்டுக்குள் இருந்தார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

அத்தைக்கு அந்த வீடு திரும்பக் கிடைக்கவில்லை. அதே லயத்தில் பக்கத்து வீட்டு அக்காவோடு ஒண்டிக்கொண்டு, தான் துடைத்து வைத்திருந்த வாசலைக் கடந்து தினமும் வேலைக்குப் போனாள். அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்வதில்லை. காணி உறுதி இன்னும் வரவில்லை.

அன்று ஹட்டன் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. அழுகை நின்று, பசிகூட எடுத்துவிட்டது. அத்தை வாங்கித் தந்த பணிஸைத் தின்றுகொண்டே, “எங்க வீட்டுல எத்தன நாளு இருப்பீங்க அத்தை?” என்று கேட்டேன். அவள் என் தலையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டு, “பாப்போம்” என்றாள். எங்கள் வீட்டுக்கு ஒருநாளும் வந்து தங்காத அத்தை, எனக்காக லீவு போட்டு விருந்துக்கு வருகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.