அறிவிப்பு வாசிக்கும் அம்மா

எங்கள் பங்குக் கோயிலில் பூசை முடியும் நேரத்தில் அறிவிப்பு வாசிப்பவர் ஓர் அம்மா. ஒல்லியான உடம்பு, முக்காடு நழுவாதபடி காதோரம் ஓர் ஊசி குத்தியிருப்பார். தெருவாரியாகக் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டமோ, கல்லறைத் தோட்டம் சுத்தம் செய்வதோ, எதை வாசித்தாலும் கடைசியில் ‘ஆண்டவருக்குச் சித்தமானால்’ என்று சேர்த்துக்கொள்வார். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்புக்குச் சொன்னார், திருவிழாக் கொடியேற்றத்துக்கும் சொன்னார். இளையோர் மாதா கோயிலுக்கு நடந்து போகும் யாத்திரையை வாசித்தபோது மட்டும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்ததும் கேட்டேன். “யாத்திரைக்கு மட்டும் சொல்லாம விட்டுட்டீங்களேம்மா, மறந்துட்டீங்களா?”

“மறக்கல தம்பி. சொல்லத்தான் பாத்தேன், வாய் வரல.” என் பக்கம் திரும்பி, “உங்க பொண்ணும் போவுதா?” என்றார்.

“ஆமாம்மா.”

அவர் குறுவை நெல் ஏற்றிய லாரிகள் ரோட்டில் விரைவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை நான். அதனால் மகளைத் தடுக்கவில்லை. இன்று விடியற்காலையில் செருப்பில்லாமல் வாசலில் இறங்கியவள், “நாளைக்குச் சாயந்திரம் வந்துடுவேம்ப்பா” என்றாள்.

‘ஆண்டவருக்குச் சித்தமானால்’ என்று சேர்க்கப் பார்த்தேன். எனக்கும் வாய் வரவில்லை.