நானூறு படிவமும் தரகர் சாரும்

புதன்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்குச் செய்தி வந்தது. நர்ஸ் அப்போது ஒருவரின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். தரகர் சார் காலமாகிவிட்டார் என்று அவள் மேற்படிப்புப் படிக்கும் கல்லூரியின் கிளார்க் போனில் சொன்னதும், கட்டை நாலு சுற்று கூடுதலாகச் சுற்றிவிட்டாள்.

அவர் கல்யாணத் தரகர் அல்ல. ஆய்வுமுறை வாத்தியார். எந்தக் கேள்விக்கு எந்த முறை பொருந்தும் என்று பார்த்து ஜோடி சேர்ப்பதே வேலை என்பதால் அந்தப் பெயர்.

ஊருக்கெல்லாம் பொருத்தம் பார்த்தவர் வீட்டில் கோட்டை விட்டார். மனைவி நான்கு நாளாக ஏன் பேசவில்லை என்று அறிய, இருபது கேள்வி, கேள்விக்கு ஐந்து கட்டம் என ஒரு படிவம் தயாரித்து அடுப்படியில் நீட்டினார். அந்த அம்மாள் எல்லாவற்றிலும் நடுக் கட்டத்தை டிக் அடித்துக் கொடுத்துவிட்டு, மேலும் ஒரு வாரம் பேசவில்லை. சராசரி மூன்று. வகுப்பில் இதை ஆண்டுதோறும் அவரே சொல்லி, அவரே முதலில் சிரிப்பார்.

நர்ஸும் அதே பள்ளத்தில்தான் விழுந்தாள். நோயாளிகள் கட்டு மாற்ற வருவதை ஏன் பாதியில் நிறுத்துகிறார்கள் என்பது அவளுடைய ஆய்வு. வரும் வெள்ளிக்கிழமை கல்லூரி ஆய்வுக் குழுவில் திட்டம் தேறாவிட்டால் படிப்பு விடுப்பு ரத்து. போன வாரம் நானூறு படிவங்களைச் சுமந்துகொண்டு அவர் அறைக்குப் போனாள்.

"என்னம்மா, எலெக்‌ஷனா நடத்தப் போற?"

"ஏன் வரலைன்னு கேட்டு நாலு பதில் கொடுத்திருக்கேன் சார். ஒண்ணுல டிக் பண்ணணும்."

"அஞ்சாவது காரணம் இருக்கறவன் என்ன பண்ணுவான்? எத்தனை பேர் வரலைன்னு தெரியணும்னா எண்ணு. ஏன் வரலைன்னு தெரியணும்னா உக்காந்து கேளு. பன்னிரண்டு பேர் போதும்."

"அப்ப இந்த நானூறு?"

"பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு? அவங்க சொல்றத அதுல எழுது. எங்க வீட்டம்மாவுக்கும் ரெண்டு கட்டு கொடு, என்மேல புகார் எழுதட்டும்."

அரைமனதோடு, வராமல் நின்றுபோன ஒருவருக்குப் போன் போட்டுப் பேசிப் பார்த்தாள்.

"வந்தா அங்க ஒரு நர்சம்மா கத்துவாங்கம்மா. அதான் வரல."

எந்த நர்ஸ் என்று அடையாளம் கேட்டாள். அவளேதான். நாலு பதிலில் அது இல்லை.

அன்றே திட்டத்தை மாற்றினாள். நானூறு இருக்கப் பன்னிரண்டு எதற்கு என்று குழு குடையும். அதற்குப் பதிலைத் தானே எழுதித் தருவதாகச் சொல்லித் தரகர் சார் திட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை மாலையில் கிளார்க் அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் சாரின் கையெழுத்து இருந்தது. மூன்றாம் பக்க ஓரத்தில் பென்சிலால், 'பன்னிரண்டு பேர் போதும், ஏனென்றால்' என்பது வரை எழுதியிருந்தது.