லியனார்டின் போன் பெரட்டு

ஹட்டனிலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிடம் போனால் வருகிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் லியனார்ட் பத்தொன்பது வருடமாகக் கங்காணி. வயது நாற்பத்தாறு. தினமும் காலை ஆறே முக்காலுக்குப் பெரட்டு: பெயர் கூப்பிட்டு, வந்த ஆட்களை எண்ணி, கொழுந்தெடுக்க மலைக்கு அனுப்புகிற வேலை. அவர் கூப்பிட்டால் ஆற்றுக்கு அப்பாலுள்ள தோட்டத்துக்காரர்களும் "வந்துட்டேங்க" என்பார்களாம். அது மிகை. தொழிலாளர் குடியிருக்கும் ஆறாம் நம்பர் லயம் வரை கேட்கும் என்பது உண்மை.

மகள் யூஜினாவுக்குப் பதினான்கு வயது. 2024 ஜனவரியில் பாடத்துக்கென்று போன் வாங்கிக் கொடுத்ததிலிருந்து வீட்டிலும் ஒரு பெரட்டு தொடங்கியது. மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், போனில் இருக்கும் சிநேகிதர்களின் பெயர்களை அவள் வாசிக்க வேண்டும்.

"எந்தத் தோட்டம்? எந்த டிவிசன்? எத்தனாம் நம்பர் லயம்?"

"அப்பா, இவ கொழும்புல இருக்கா. லயமெல்லாம் இல்ல, பிளாட்டு."

"அப்ப எத்தனாம் நம்பர் பிளாட்டு?"

"என்னங்க, கொழும்புப் புள்ளைக்கும் கூடையக் குடுத்து மலைக்கு அனுப்பிடாதீங்க" என்றார் அடுப்படியிலிருந்து மனைவி இசபெல்.

மே மாதம் மூன்றாம் ஞாயிறு, இருபத்து மூன்றாவது பெயரில் யூஜினா நின்றாள்.

"திலக்ஷின்னு ஒரு புள்ளப்பா. நேர்ல பாத்ததில்ல. ரெண்டு கிழமையா பேசுறா. இறம்பொட பக்கம் தோட்டமாம், அவங்க அம்மாவும் கொழுந்தெடுக்கிறாங்களாம். என் போட்டோ கேக்குறா. வீட்ல சொல்லாதன்னும் சொன்னா."

லியனார்டின் குரல் தொண்டை வரை வந்துவிட்டது. பக்கத்து வீட்டு நல்லமுத்து போன வருடம் இப்படியொரு விஷயத்துக்குக் கத்தித் தீர்த்து, மகளின் போனைப் பிடுங்கிப் பெட்டியில் பூட்டினார். அந்தப் பெண் சிநேகிதியின் போனில் பேசினாள். வீட்டில் பேசுவதை நிறுத்தினாள். இன்று கத்தினால், அடுத்த ஞாயிறு யூஜினாவும் இப்படிப்பட்ட பெயரைத் தாண்டித்தான் வாசிப்பாள்.

"போட்டோ அனுப்பிட்டியாம்மா?" பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறவரைப்போல் குரல் தாழ்ந்திருந்தது.

"இல்லப்பா. பள்ளிக்கூடத்துப் பேர மட்டும் சொன்னேன்."

"நீ எங்கிட்ட சொன்னது நல்லது. போன் ஒங்கிட்டயே இருக்கட்டும். அவகிட்ட ஒண்ணு கேளு: ஒங்க தோட்டத்துல பெரட்டு எத்தன மணிக்கு?"

யூஜினா தட்டினாள். ஒரு நிமிடம் ஆவதற்குள் பதில் வந்தது.

"எங்க வீட்ல ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அம்மா கோழிப் பெரட்டு சூப்பரா செய்வாங்க!"

இசபெல் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, பத்தொம்பது வருசமா நீங்க கோழியவா பேர் கூப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க?"

யூஜினா விழுந்து விழுந்து சிரித்தாள். பாதியில் சிரிப்பு நின்றது.

"அப்பா, அப்ப இது பொம்பளப் புள்ளயே இல்லையா?"

"அது தெரியாது. தோட்டத்துப் புள்ள இல்ல, அது மட்டும் நிச்சயம். நம்ம ஆளுன்னு பொய் சொல்லிக்கிட்டு, வீட்டுக்கும் மறைக்கச் சொல்லி போட்டோ கேக்குதுன்னா, நல்லதுக்கு இருக்காது."

அந்தப் பேச்சு முழுவதையும் யூஜினா திரையில் இருந்தபடியே படம் பிடித்து வைத்துக்கொண்டாள். பிறகு திலக்ஷியின் கணக்கைப் பற்றிப் போனிலேயே முறைப்பாடு செய்து, அதைத் தடுத்தாள். பள்ளியின் பெயர் வெளியே போய்விட்டதால், மறுநாள் வகுப்பாசிரியை ஜீவராணியிடமும் சொல்வதென்று முடிவாயிற்று.

போனை எடுத்து அலுமாரி மேல் வைக்க லியனார்டின் கை துறுதுறுத்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

யூஜினா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஏன்ப்பா கத்தல?"

"கத்தணுமா?"

"ஐயோ, வேணாம்." அவள் விரல் திரையில் தயங்கி நின்றது. "அப்ப... இன்னொரு பேரும் இருக்குப்பா. போன கிழம வாசிக்காம விட்டது."

இசபெல் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். லியனார்ட் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"வாசிம்மா" என்றார்.